பேச்சில் பிறக்கும் கருத்து

மக்களாட்சி என்பது மக்களின் கருத்தைக் கேட்டு நடக்கும் ஆட்சி என்று பாடநூல்களில் எழுதி வைத்திருக்கிறோம். மாணவரும் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால், அந்தக் கருத்து எங்கே இருக்கிறது, அது எவ்வாறு உருவாகிறது என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டுவிட்டால் ஆசிரியர் சற்றுத் தயங்கவே நேரும். மடியில் முடிந்து வைத்த காசு போல ஒவ்வொருவர் உள்ளத்திலும் கருத்து முன்னரே இருக்கிறதா? அல்லது நாலு பேர் கூடிப் பேசும் வேளையில், அந்தப் பேச்சினூடே அது உருக்கொள்கிறதா? முன்னதே உண்மையாயின், வீடு வீடாகச் சென்று காசை எண்ணுவது போலக் கருத்தையும் எண்ணிவிடலாம். பின்னது உண்மையாயின், எண்ணிக்கை மட்டும் போதாது. உடனிருந்து பேச்சைக் கேட்டாக வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கென்றே ஒரு முறையை இருபதாம் நூற்றாண்டின் சமூகவியலார் உருவாக்கினர். ஆங்கிலத்தில் 'ஃபோகஸ் குரூப்' என வழங்கும் அதனைத் தமிழில் குவிமையக் குழு எனலாம். எட்டுப் பத்துப் பேரை ஓரிடத்தில் அமர்த்தி, ஒரு பொருளைக் குறித்துத் தம்முள் பேசவிட்டு, நெறியாளர் ஒருவர் உடனிருந்து கேட்டு, அப்பேச்சு முழுவதையும் பதிவு செய்து ஆராய்வதே இம்முறையாகும். இன்று சவர்க்காரம் விற்போர் முதல் தேர்தலில் நிற்போர் வரை அனைவரும் இதனைக் கையாளுகின்றனர். இதன் பிறப்பும் வளர்ப்பும் பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தன. இடையே ஒரு முக்கியமான பகுதி ஜெர்மனியில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

எண்ணும் முறையின் செல்வாக்கு ஓங்கியது 1936ஆம் ஆண்டில். அவ்வாண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். அதனினும் மிகக் குறைந்த எண்ணிக்கையினரையே, ஆயினும் பல தரப்பினரும் இடம்பெறுமாறு தேர்ந்து, கேள்வி கேட்ட ஜார்ஜ் கேலப் என்பவரின் கணிப்புப் பலித்தது. அன்றிலிருந்து கருத்துக் கணிப்பு ஓர் அறிவியல் என்னும் மதிப்பைப் பெற்றது. மக்கள் மனத்தை அறிய வேண்டுமா? கேள்வித்தாளும் எழுதுகோலும் போதும் என்ற நம்பிக்கை பரவியது.

இந்த நம்பிக்கையோடு பிணங்கியும் இணங்கியும் பணியாற்றியவர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். 1901இல் வியன்னாவில் பிறந்த இவர் கணிதம் கற்றவர், எண்களின்பால் பற்றுடையவர். எனினும், எண்களுக்குப் பின்னால் நிற்கும் மனிதரைக் காணாமல் இருக்க அவரால் இயலவில்லை. வியன்னாவுக்கு அருகேயுள்ள மரியந்தால் என்னும் சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றபோது, மரி யகோடா, ஹான்ஸ் ஸைசல் ஆகியோருடன் சேர்ந்து அவ்வூரை ஆராய்ந்தார். அந்நூல் 1933இல் வெளிவந்தது. வேலையற்றோர் கிளர்ந்தெழுவர் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. ஆராய்ச்சியாளர் கண்டதோ வேறு. கையில் நேரம் மிகுந்திருந்தும் ஊர் நூலகத்தில் இரவல் வாங்கப்பட்ட நூல்களின் தொகை குறைந்தது. அரசியல் நாளிதழ் வாங்குவோரும் குறைந்தனர். தெருவில் நடப்போரின் நடைவேகம்கூடத் தளர்ந்திருந்தது. வறுமை மனிதரின் குரலை உயர்த்துவதற்கு முன் அதனை அடக்கிவிடுகிறது என்பதை அவ்வூர் காட்டியது. எந்த ஊர் ஆசிரியரும் இந்நூலைக் கற்பது நன்று என்பேன். நூலகத்தின் இரவல் ஏடு ஒன்றையே வைத்து ஓர் ஊரின் உள்ளத்தை அறியலாம் என்ற எண்ணம் சாதாரணமானதன்று.

1933இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்ற லாசர்ஸ்ஃபெல்ட் அங்கேயே தங்கிவிட்டார். ஆஸ்திரியாவின் அரசியல் நிலை அவரைத் திரும்பவிடவில்லை. அன்றைய அமெரிக்காவில் வானொலியே பேராற்றல் வாய்ந்த சாதனமாக விளங்கிற்று. ஒருவர் ஒலிவாங்கியின் முன் பேச, கோடிக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்து கேட்டனர். ஐரோப்பாவில் ஹிட்லர் அதே வானொலியைக் கொண்டு ஒரு நாட்டையே மயக்கியதை அனைவரும் கண்டனர். மக்கள் மனம் ஈரமண் போன்றது, யார் கைபட்டாலும் அவர் விரும்பிய வடிவம் பெறும் என்ற அச்சம் அறிஞரிடையே நிலவியது.

அந்த அச்சம் மெய்தானா என்று பார்க்கவே 1940ஆம் ஆண்டுத் தேர்தலின்போது ஓஹையோ மாநிலத்தின் ஈரி வட்டத்தை லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய துணைவர்களும் தேர்ந்தெடுத்தனர். 600 பேரை மே மாதம் முதல் நவம்பர் வரை மாதந்தோறும் திரும்பத் திரும்பச் சந்தித்தனர். ஒருவர் மனம் மாறினால், மாறிய அந்த மாதத்திலேயே ஏன் மாறினார் என்று கேட்பதற்கான ஏற்பாடு அது. 1944இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு பலருக்கும் வியப்பளித்தது. பரப்புரையால் ஒரு கட்சியிலிருந்து மறுகட்சிக்கு மாறியோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் தம் குடும்பத்தார், உடன் பணிபுரிவோர், சமயத்தார் ஆகியோரின் வழியிலேயே நின்றனர். வானொலியையும் நாளிதழையும் காட்டிலும், தெரிந்தவர் ஒருவரின் வாய்ச்சொல்லே வாக்காளரை மிகுதியாக அசைத்தது. செய்தி முதலில் ஊரில் விவரம் அறிந்த ஒருவரைச் சென்றடைகிறது. அவர் வாய்வழியே மற்றவரைச் சென்றடைகிறது. இதனை 'இருபடிப் பாய்ச்சல்' என்று பின்னர் அழைத்தனர்.

நம் நாட்டுத் தோட்டங்களில் ஒருவர் தமிழ் நாளிதழை உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டு, இடையிடையே வாதிட்ட காலத்தை மூத்தோர் அறிவர். படிக்கத் தெரிந்தவர் ஒருவரே. செய்தியோ வரிசை வீடுகள் முழுவதற்கும் உரியதாயிற்று. ஈரி வட்டத்தில் பெரும்பொருள் செலவிட்டுக் கண்ட உண்மை அவர்களுக்குப் புதிதாகத் தோன்றியிராது.

எனினும், ஈரி வட்டத்து ஆய்வும் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்துக் கேட்டதேயாகும். பேச்சுதான் கருத்தை அசைக்கிறது என்று கண்டறிந்தார்களே தவிர, அந்தப் பேச்சை அவர்கள் நேரே கேட்கவில்லை. கேட்கும் முறைக்கு வழி திறந்தது 1941ஆம் ஆண்டு நவம்பரில், அதுவும் ஒரு விருந்து கெட்டுப்போனதால்.

அவ்வாண்டுதான் இராபர்ட் மெர்ட்டன் என்னும் இளம் சமூகவியலார் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு ஆசிரியராக வந்தார். 1910இல் பிலடெல்பியாவில் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். கோட்பாட்டு ஆராய்ச்சியில் நாட்டமுடையவர். களப்பணியில் வல்லவரான லாசர்ஸ்ஃபெல்டோடு அவருக்குப் பழக்கம் மிகுந்திருக்கவில்லை. மூத்தவர் என்ற முறையில் லாசர்ஸ்ஃபெல்ட் அவரைத் துணைவியாருடன் இரவு உணவுக்கு அழைத்தார். விருந்தினர் வந்து சேர்ந்த வேளையில் அவசரப் பணி ஒன்று குறுக்கிட்டது. அரசாங்க நிறுவனம் ஒன்று, போர்க்கால மனவுறுதியை வளர்க்கும் வானொலி நிகழ்ச்சிகளைச் சோதித்துத் தருமாறு கேட்டிருந்தது. பெண்மணிகள் இருவரையும் வீட்டில் இருத்திவிட்டு, மெர்ட்டனை அழைத்துக்கொண்டு லாசர்ஸ்ஃபெல்ட் நிலையத்துக்கு விரைந்தார்.

அங்கே மெர்ட்டன் கண்ட காட்சி விந்தையானது. அழைத்து வரப்பட்டிருந்த நேயர்கள் வரிசையாக அமர்ந்து ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தனர். பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டும் அமுக்காவிடில் நடுநிலை. அவர்தம் விருப்பும் வெறுப்பும் தாளில் கோடுகளாகப் பதிவாயின. நிகழ்ச்சி முடிந்ததும் உதவியாளர் ஒருவர் அவர்கள் முன் நின்று, ஏன் அங்கே பச்சை, ஏன் இங்கே சிவப்பு என்று வினவினார். மெர்ட்டனின் கவனம் பொறியை விட்டு அந்த வினாக்களின் மீது சென்றது. விடையைத் தாமே சொல்லிக் கொடுப்பதுபோல் அவர் வினவுகிறார், நேயர் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் தடுக்கிறார் என்று துண்டுத்தாளில் எழுதி எழுதி லாசர்ஸ்ஃபெல்டிடம் நீட்டினார். குறை கூறுவது எளிது, அடுத்த குழுவை நீரே நடத்திக் காட்டும் என்ற பொருளில் லாசர்ஸ்ஃபெல்ட் சொல்ல, மெர்ட்டன் எழுந்து சென்று நடத்தினார். அந்த இரவு முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விருவரும் இணைந்தே பணியாற்றினர். இரவு உணவு என்னவாயிற்று என்பது வரலாற்றுக்குத் தேவையில்லை.

பொத்தானுக்கும் வினாவுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் நன்கு அறிவர். மாணவர் விடையைச் சரி, தவறு என்று குறிப்பது ஒன்று. எந்த வழியாக அந்த விடைக்கு வந்தார் என்று கேட்பது மற்றொன்று. மெர்ட்டன் இரண்டாவதை ஒரு முறைமையாக வகுத்தார். முதலில் அனைவரும் ஒரே நிகழ்ச்சியைக் கேட்டிருக்க வேண்டும், அல்லது ஒரே படத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதனை வினவுவோர் முன்னரே பகுத்தாய்ந்திருக்க வேண்டும். வினா விடையைத் திணித்தல் கூடாது. எதிர்பாராத விடை வருமிடத்தில் நின்று, அங்கே தோண்ட வேண்டும். 1946இல் பேட்ரீசியா கெண்டலுடன் இணைந்து எழுதிய கட்டுரையிலும், 1956இல் மார்ஜரி ஃபிஸ்கும் சேர்ந்த நூலிலும் இந்நெறிகளை விளக்கினார். அவர் இதற்கு வைத்த பெயர் 'குவிநோக்கு நேர்காணல்' என்பதே. 'ஃபோகஸ் குரூப்' என்ற பெயர் அவர் சூட்டியதன்று.

இம்முறையால் விளைந்த நூல்களுள் மிகச் சிறந்ததாக நான் கருதுவது, மெர்ட்டன் 1946இல் வெளியிட்ட 'மாஸ் பெர்சுவேஷன்' என்பதாகும். 1943ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் கேட் ஸ்மித் என்னும் புகழ்பெற்ற பாடகி, போர்க்கடன் பத்திரங்களை விற்பதற்காகக் காலை 8 மணி முதல் மறுநாள் அதிகாலை 2 மணி வரை, 18 மணி நேரம், அறுபது தடவைக்கும் மேலாக வானொலியில் வேண்டுகோள் விடுத்தார். ஒரே நாளில் சுமார் 3 கோடியே 90 இலட்சம் டாலருக்கு மக்கள் உறுதியளித்தனர். வானொலி மக்களை ஆட்டிப்படைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மெர்ட்டன் அவ்வாறு முடிவு கட்டிவிடவில்லை. நூறு பேரை நெடுநேரம் நேர்கண்டார். அதனோடு 978 பேரிடம் பொதுக் கருத்துக் கணிப்பும் நடத்தினார். மக்களை வாங்கத் தூண்டியது பேச்சின் வாதத்திறன் அன்று என்பது நேர்காணல்களில் தெரிந்தது. நாள் முழுதும் அந்த அம்மையார் களைத்தும் விடாது பேசுகிறார், நமக்காகத் தம்மையே வருத்திக்கொள்கிறார் என்ற எண்ணமே அவர்களை அசைத்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. விளம்பரக்காரரும் அரசியலாரும் ஓயாது தம்மை ஏமாற்றுகின்றனர் என்ற கசப்பு அம்மக்களிடம் ஊறிக்கிடந்தது. எவரையும் நம்ப இயலாத உலகில் நம்பத்தக்க ஒருவருக்காக அவர்கள் ஏங்கினர். அந்த ஏக்கமே அவர்களைத் தொலைபேசியை எடுக்கச் செய்தது. பேசியவரின் ஆற்றலை அளக்கப் போன ஆராய்ச்சி, கேட்டவரின் புண்ணைக் கண்டு திரும்பியது. நூலின் இறுதியில் மெர்ட்டன் ஓர் அறவினாவையும் எழுப்புகிறார்: மக்கள் எதனால் அசைவர் என்று கண்டு சொல்லும் ஆராய்ச்சியாளன், அந்த அறிவு யார் கையில் சேர்கிறது என்பதைக் கேளாதிருக்கலாமா? நாற்பதாண்டுக்குப் பிறகு இவ்வினாவுக்கு நியூ ஜெர்சியில் ஒரு விடை கிடைத்தது. அதற்கு முன் ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும்.

லாசர்ஸ்ஃபெல்டின் வானொலி ஆய்வில் 1938 முதல் சிறிது காலம் பணியாற்றியவர் தியோடோர் அடோர்னோ. ஹிட்லரின் ஆட்சியால் நாட்டைவிட்டு நீங்கிய மெய்யியலார், இசையறிஞர். மனித உள்ளத்தைப் பொத்தானால் அளக்கும் வேலை அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. முரண்பட்டு விலகினார். போர் முடிந்த பின் அவரும் அவர்தம் தோழர்களும் பிராங்க்ஃபர்ட் நகருக்குத் திரும்பித் தங்கள் சமூக ஆராய்ச்சி நிறுவனத்தை மீண்டும் நிறுவினர். திரும்பியவர்கள் முன் நின்ற கேள்வி கடுமையானது. நேற்று வரை ஹிட்லரை வாழ்த்திய மக்கள் இன்று மக்களாட்சியைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கின்றனர்?

நேச நாட்டுப் படையினர் நாட்டை ஆண்டுகொண்டிருந்தபோது, கேள்வித்தாளுடன் வந்து நிற்பவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பது எல்லார்க்கும் தெரியும். எனவே, பிரடெரிக் பொல்லாக்கின் தலைமையில் 1950-51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. உழவர், மாணவர், அகதிகள், முன்னாள் படை அதிகாரிகள், வேலையற்றோர் எனப் பல தரத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 1,800 பேர், சிறு சிறு குழுக்களாக அமர்த்தப்பட்டனர். பெயரைச் சொல்லத் தேவையில்லை, புனைபெயர் போதும். பேச்சு ஒலிநாடாவில் பதிவாயிற்று. தொடக்கத்தில் ஒரு கடிதம் ஒலிக்கப்பட்டது. ஆக்கிரமிப்புப் படையில் சில ஆண்டுகள் இருந்த சார்ஜண்ட் ஒருவர் தம் நாட்டு நாளிதழுக்கு எழுதியதாகப் புனையப்பட்ட கடிதம் அது. ஜெர்மானியரின் உழைப்பைப் பாராட்டும் அக்கடிதம், ஹிட்லர் காலத்துக் கொடுமைகளுக்குத் தமக்குப் பொறுப்பில்லை என்பது போல் அவர்கள் நடந்துகொள்வதையும் சுட்டிக்காட்டியது. இரயிலில் உடன் பயணம் செய்யும் அந்நியர் ஒருவர் குத்தலாகப் பேசினால் பெட்டியே விழித்துக்கொள்ளுமன்றோ? அதே சூழலை ஆராய்ச்சியாளர் படைக்க விரும்பினர்.

கருத்துக் கணிப்பில் வாராதன எல்லாம் அங்கே வந்தன. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றனர். தெரிந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்றனர். எங்கள் நகரங்களின் மீது குண்டு மழை பொழிந்தவர்கள் எங்களைக் குறை சொல்வதா என்றனர். ஒருவர் தயங்கித் தொடங்கியதை அடுத்தவர் துணிந்து முடித்தார். மேடையிலும் நாளிதழிலும் காணப்பட்ட கருத்துக்கு அடியில், வீட்டிலும் வேலைத்தலத்திலும் வழங்கிய இன்னொரு கருத்து ஓடிக்கொண்டிருந்தது தெளிவாயிற்று. 1955இல் நூல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை எழுதிய சட்ட அறிஞர் பிரான்ஸ் பேம், அதனைப் 'பொதுவில் வாராத பொதுக்கருத்து' என்னும் பொருள்பட அழைத்தார். குற்றமும் தற்காப்பும் பற்றிய பகுதியை அடோர்னோவே எழுதினார். பொத்தானை வெறுத்து விலகியவர், பேச்சைப் பக்கம் பக்கமாகப் படித்து ஆராய முன்வந்தார் என்பது கருதத்தக்கது.

நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. இத்தகைய குழுக்களைக் கொண்டு மக்கள் தொகையின் கருத்தை உரைக்க முடியாது என்று உளவியலார் ஹோஃப்ஸ்டேட்டர் 1957இல் மறுத்தெழுதினார், அடோர்னோ விடையிறுத்தார். அந்த வாதத்தைவிடப் பயனுள்ளது, அதே நிறுவனத்தில் வளர்ந்த வெர்னர் மாங்கோல்ட் 1960இல் எழுதியது. தனி மனிதரின் மறைந்த கருத்தை வெளியே இழுப்பதற்கே குழு பயன்படும் என்று மூத்தோர் எண்ணினர். பதிவுகளைத் திரும்பப் படித்த மாங்கோல்ட், அங்கே கேட்பது தனித்தனிக் குரல்களின் கூட்டுத்தொகை அன்று என்றார். ஒரே வகை வாழ்வு வாழ்ந்தவர்கள் கூடும்போது, ஒருவர் வாக்கியத்தை மற்றவர் திருத்த, மூன்றாமவர் தலையசைக்க, ஒரு குழுக்கருத்து பிறப்பிக்கப்படுகிறது. அக்கருத்து எவருடைய மடியிலும் முன்னர் இருந்ததன்று. எனினும், எல்லாருடைய வாழ்விலும் வேரூன்றியது. நான் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இதுவரை எனக்குக் கிடைத்த தெளிவான விடை இதுவே.

அமெரிக்காவில் இதற்குள் கருவி கைமாறியிருந்தது. 1950களிலிருந்து வணிக நிறுவனங்கள் இதனைத் தழுவிக்கொண்டன. ஒருபுறம் கண்ணாடி போலவும் மறுபுறம் சாளரம் போலவும் அமைந்த சுவருக்குப் பின்னால் விற்பனையாளர் அமர்ந்து, அப்பால் உள்ள இல்லத்தரசியர் சவர்க்காரத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டனர். பின்னர் அதே கண்ணாடிக்குப் பின்னால் கட்சிக்காரர்களும் அமர்ந்தனர். 1985இல் ஸ்டான்லி கிரீன்பர்க், மிச்சிகன் மாநிலத்தின் மக்கோம் வட்டத்தில், காலங்காலமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவிட்டு ரீகனின் பக்கம் சென்ற மோட்டார்த் தொழிலாளர் குடும்பத்தினரைக் கூட்டிப் பேசச் செய்தார். கட்சி தங்களைக் கைவிட்டுவிட்டது என்று அவர்கள் கருதியதையும், அக்கசப்போடு கறுப்பின மக்கள்மீதான காழ்ப்பு பின்னிக் கிடந்ததையும் அவர் எழுதி அளித்தார். கட்சித் தலைவர்களுக்கு அது உவப்பாயில்லை. ஆயினும், அங்கே நோக்கம் அறிதலாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்ளலாம்.

1987இல் மெர்ட்டன், முதுமையில், தம் முறையின் வழித்தோன்றலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குழுப் பேச்சிலிருந்து கிடைப்பவை புதிய எண்ணங்களே. அவை பின்னர்ப் பரந்த ஆய்வினால் சோதிக்கப்பட வேண்டும் என்பதே தாங்கள் கைக்கொண்ட நெறி என்றார். இரண்டு அறைகளில் கேட்டதை வைத்து நாட்டின் மனத்தைக் கண்டுவிட்டதாகக் கூறும் வழக்கம் அவருக்கு ஏற்புடையதாயில்லை.

மறு ஆண்டு மே மாதம் நியூ ஜெர்சியின் பராமஸ் என்னுமிடத்தில் இரண்டு அறைகளே போதுமாயின. அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிசைவிடப் பின்தங்கியிருந்தார். 1984இல் ரீகனுக்கு வாக்களித்து, இம்முறை டுகாகிஸ் பக்கம் சாய்ந்திருந்த ஜனநாயகக் கட்சியினர் ஏறத்தாழ முப்பது பேர் இரு குழுக்களாகக் கூட்டப்பட்டனர். புஷ்ஷின் தேர்தல் தளகர்த்தர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தனர். டுகாகிசைப் பற்றி அவ்வாக்காளர் அறியாத சில செய்திகள் ஒவ்வொன்றாக வெளியிடப்பட்டன. அவரது மாநிலத்தில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு வழங்கும் திட்டம் இருந்தது. கொலைக் குற்றவாளி ஒருவன் அவ்விடுப்பில் தப்பிச் சென்று மீண்டும் கொடுமை புரிந்தான். 1977இல், பள்ளிகளில் நாட்டுப்பற்று உறுதிமொழியை ஆசிரியர் நாள்தோறும் சொல்லுவிக்க வேண்டுமென்ற சட்டத்துக்கு டுகாகிஸ் ஒப்பமிட மறுத்தார். இவற்றைக் கேட்டதும் பாதிப் பேர் மனம் மாறினர். கண்ணாடிக்குப் பின்னிருந்தோர் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டனர். அடுத்த ஐந்து மாதம் அமெரிக்கா முழுதும் கேட்டது பெரும்பாலும் இவ்விரு செய்திகளே. நவம்பரில் புஷ் 40 மாநிலங்களை வென்றார்.

கைதி விடுப்புத் திட்டம் 1972இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவரின் காலத்தில் தொடங்கப்பட்டது. உறுதிமொழிச் சட்டம் அரசமைப்புக்கு ஒவ்வாது என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே டுகாகிசுக்கு அறிவுரை கூறியிருந்தது. இவையும் உண்மைகளே. இவற்றையும் அந்த அறையில் வைத்து, பிறகு மக்களை ஒருவரோடொருவர் வாதிடவிட்டிருந்தால் பேச்சு வேறு வழியில் சென்றிருக்கக்கூடும். ஆனால், எந்தப் பொத்தானை அமுக்கினால் சிவப்பு எரியும் என்று பார்ப்பதற்கே அவ்வறை அமைக்கப்பட்டது. லாசர்ஸ்ஃபெல்டின் பொறி மறைந்து, மனிதர்களே பொறியாயினர். 1946இல் மெர்ட்டன் எழுப்பிய வினாவுக்கு விடை இது.

இத்தகைய செயலுக்குத் துணைநின்ற ஒரு கோட்பாடும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் கான்வெர்ஸ் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அது. 1956, 1958, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதே மனிதர்களிடம் அதே வினாக்கள் கேட்கப்பட்டன. வீடமைப்பும் மின்னாற்றலும் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடம் விட வேண்டுமா என்பது போன்ற வினாக்களுக்குப் பலர் ஒரு முறை ஆம் என்றனர். மறுமுறை இல்லை என்றனர். காசைச் சுண்டிவிட்டு விடை சொல்வது போன்றிருந்தது. பொதுமக்களுட் பலருக்கு அரசியலில் கருத்தென்று ஒன்றே இல்லை என்பது இதன் கருத்து. கான்வெர்ஸ் நேர்மையான ஆராய்ச்சியாளர். அவர் எண்கள் பொய்யல்ல. ஆனால், வாயிற்படியில் நின்று அந்நியர் கேட்கும் ஒற்றை வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை தர இயலாதவன் சிந்திக்கவே இயலாதவன் என்பது எவ்வாறு பொருந்தும்? வகுப்பில் எழுந்து விடை சொல்லத் திணறும் மாணவன், இடைவேளையில் தோழரோடு அதே பொருளை அழகாக வாதிடுவதை நாம் காண்பதில்லையா?

இவ்வையத்தைத் தீர்க்க முனைந்தவர் சமூகவியலார் வில்லியம் கேம்சன். 1980களில், டுகாகிஸ் ஆண்ட அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் வட்டாரத்து உழைக்கும் மக்கள் 188 பேரை 37 குழுக்களாகக் கூட்டிப் பேசச் செய்து, 1992இல் 'டாக்கிங் பாலிட்டிக்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். சமையற்கூடப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், தாதியர், தீயணைப்புப் படையினர் போன்றோர் அவர்கள். கண்ணாடிச் சுவர் இல்லை. குழுவில் ஒருவரின் வீட்டுக் கூடமே பேச்சரங்கம். நால்வர் முதல் அறுவர் வரை. பெரும்பாலும் முன்பே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நெறியாளர் வினாவை வைத்துவிட்டு இயன்றவரை வாய்மூடியிருக்க வேண்டும். கறுப்பினத்தாருக்கான வேலை ஒதுக்கீட்டு முறை, அணுமின் நிலையம், நலிந்த தொழில்கள், அரபு-இசுரேல் பூசல் ஆகிய நான்கும் பேச்சுக்குரிய பொருள்கள். இடையிடையே நாளிதழ்க் கேலிச்சித்திரங்கள் சில காட்டப்பட்டன.

அம்மக்கள் செய்தித்தாளை ஒப்பிக்கவில்லை. செய்தியிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டனர். தம் வாழ்வில் பட்டறிந்ததைச் சேர்த்தனர். ஊரில் வழங்கும் பழமொழிகளையும் பொதுவழக்கு நீதிகளையும் கொண்டு இரண்டையும் தைத்தனர். ஆலை மூடல் பற்றிய பேச்சில், மூடிய ஆலையில் வேலை பார்த்த அண்ணனும் அத்தையும் வந்தனர். வேலை ஒதுக்கீடு பற்றிய பேச்சிலும் செய்தியும் அனுபவமும் கலந்தே நின்றன. அணுமின் நிலையத்திலோ அரபு நாடுகளிலோ அவர்களுக்கு நேரறிவு இல்லை; அங்கே செய்தியையும் பழமொழியையுமே நம்பினர். பிழையான தகவல்களும் அப்பேச்சுகளில் இருந்தன என்பதைக் கேம்சன் மறைக்கவில்லை. எனினும், பிழையான தகவலோடும் ஒருவர் ஒழுங்காகச் சிந்திக்கக்கூடும் என்பதனைப் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டினார். சிந்தனை இல்லாத இடத்திலன்று, அநியாயம் இழைக்கப்படுகிறது என்று உணர்ந்தும் தம்மால் அதற்கு ஏதும் செய்யக்கூடும் என்று நம்பாத இடத்திலேயே மக்கள் வாளாவிருக்கின்றனர் என்பது அவர் கண்டது. மரியந்தாலின் தளர்ந்த நடையை இவ்விடத்தில் நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

உலக அரசியல் வல்லுநர்கள் நூல் நூலாக எழுதிய அரபு-இசுரேல் பூசலைப் பற்றி, அந்தப் பாஸ்டன் வீடுகளின் கூடங்களில் மிகுதியாக எழுந்த ஒப்புமை, வேலிக்காகச் சண்டையிடும் அண்டை வீட்டார் இருவரைப் பற்றியது. எவருக்கும் உரிமை இருக்கிறது, எவரும் விட்டுக்கொடுப்பதில்லை, துன்பப்படுவதோ தெருவில் விளையாடும் பிள்ளைகள் என்பது போல அந்த ஒப்புமை ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குப் போய் நீண்டது. அந்தப் பூசலின் வரலாற்றை அது அடக்கிவிடாது. கேம்சனும் அவ்வாறு கூறவில்லை. ஆனால் அந்த உவமையை அவர்களுக்கு எந்த வானொலியும் கற்பித்திருக்கத் தேவையில்லை; வேலிச் சண்டையை எல்லாரும் கண்டிருந்தனர்.